உணவகம் தொடங்குவார்க்கு வேண்டும் திட்டம்

தொழில்கள் பலவற்றுள்ளும் உணவுத் தொழில் ஒன்றே எவர்க்கும் எளிதெனத் தோன்றும் இயல்பினது. பொறியியல் பயிலாதார் பாலங் கட்டத் துணியார். மருத்துவம் அறியாதார் வைத்தியசாலை திறக்க எண்ணார். ஆயின், அன்னையார் கைச்சோற்றைச் சுவைத்து வளர்ந்த எவரும் என்றோ ஒருநாள், "நாமும் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தாலென்ன?" என்று எண்ணாதிருப்பது அரிது. எம் கல்லூரியின் பழைய மாணவர்களும் இதற்கு விலக்கல்லர். அவருட் சிலர் தாம் வரைந்த வணிகத் திட்டத்தினைப் பிழைதிருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்வதுண்டு. தமிழாசிரியனிடம் சந்திப் பிழை பார்க்கத் தந்த ஏடுகளிலே யாம் கண்டவை பெரும்பாலும் சந்திப் பிழைகள் அல்ல, கணக்குப் பிழைகளே. ஆகவே, கொள்ளுப்பிட்டியிலே ஒரு சைவ உணவகம் திறக்கக் கருதுவாரொருவர் தம் திட்டத்தினை எங்ஙனம் எழுதுதல் வேண்டும் என்பதனை ஒரு பாடமாக ஈண்டு எழுதப் புகுந்தோம்.

திட்டம் என்பது வங்கி முகாமையாளர்க்கு எழுதும் விண்ணப்பம் என்றே பலரும் கருதுகின்றனர். அதனால் அவரை மகிழ்விக்கும் சொற்களையே தேடுகின்றனர். உண்மையில் அதனை முதற்கண் படிக்கவேண்டியவர் எழுதுவாரே. கடையைக் கட்டியபின் சுவரை இடித்தல் பெருஞ்செலவு; காகிதத்திற் கட்டிய கடையை இடித்து வேறாகக் கட்டுதற்கு ஓர் அழிப்பான் போதும். திட்டத்தின் பயன் அத்துணையே. அது சிறு பயனன்று. திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை 47 முதல் 50 வரை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசர்க்குக் கூறியவையாயினும் கடை வைப்பார்க்கும் அவ்வரிசை பொருந்துவதே. எனினும், கடைக்காரர்க்கு இடமே முதலாவதாகலின் யாம் ஈற்றிலிருந்து தொடங்குகின்றோம்.

அதற்கு முன் எம் தொழிலைச் சார்ந்த ஒரு சொல். திட்டம் எழுதுவோர் "சுவையான உணவு", "நியாயமான விலை", "சிறந்த சேவை", "பெருந்தொகையான வாடிக்கையாளர்" என்றெல்லாம் எழுதுவர். இத்தகைய அடைமொழிகளைச் செங்கோலால் அடித்துவிட்டு, அவ்விடத்தே எத்தனை, எவ்வளவு, எப்பொழுது, எவர் என்னும் வினாக்களுள் ஒன்றை எழுதுவது எம் வழக்கம். "நியாயமான விலை" என்பது 250 ரூபாவா, 900 ரூபாவா? "பெருந்தொகை" என்பது எண்பதா, இருநூறா? அடைமொழி நீங்கிய இடத்திலே எண் ஒன்று வந்து அமருமாயின் திட்டம் பாதி முடிந்ததெனலாம்.

இனி இடம். வெள்ளவத்தையிலே தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. ஆங்கே வெள்ளிக்கிழமையும் ஞாயிறு மாலையும் சைவக் கடைகளில் இருக்கை கிடைத்தல் அரிது. கொட்டாஞ்சேனையோ கோயில்களும் துறைமுகமும் செட்டியார் தெருவும் அருகமைந்த இடம். கொள்ளுப்பிட்டியின் இயல்பு இவ்விரண்டினும் வேறு. வங்கிகள், தூதரகங்கள், கந்தோர்கள், பெரிய ஹோட்டல்கள், பாடசாலைகள் ஆகியன நிறைந்த அவ்விடத்தே திங்கள் முதல் வெள்ளி வரை நண்பகலில் உண்போர் தொகை பெரிது. ஞாயிறன்று கந்தோர்ப் பகுதி வெறிச்சோடும். ஆகவே, வெள்ளவத்தைக் கடையின் கணக்கைப் பார்த்துக் கொள்ளுப்பிட்டிக் கடைக்குத் திட்டமெழுதுவது அயலாரின் சட்டைக்குத் தந்த அளவைக் கொண்டு தமக்குச் சட்டை தைப்பித்தல் போலாகும். இடத்தை அறிய விரும்புவார் ஒரு திங்கட்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிறு, ஒரு பூரணை விடுமுறை ஆகிய நான்கு நாட்களிலும் கருதிய கடையின் எதிரே நின்று, நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை நடந்து செல்வோரை எண்ணுதல் வேண்டும். அவருள் எத்தனை பேர் கையிலே சோற்றுப் பார்சல் இருந்தது என்பதனையும் குறித்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு குடையும் ஒரு பென்சிலுமே. ஆயினும், எம்மிடம் வந்த திட்டங்களுள் இதனைச் செய்து எழுதப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

எண்களைக் கொண்டு ஒரு மாதிரிக் கணக்கினை இனிச் செய்து பார்ப்போம். இவை யாம் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்ட தொகைகள். எழுதுவோர் தத்தம் விசாரணையிற் கண்ட தொகைகளை இட்டுக்கொள்க.

எட்டு மேசைகள், மேசைக்கு நான்கு இருக்கை, ஆக 32 பேர் அமரலாம். நண்பகல் இரண்டு மணி நேரத்தில், ஒருவர் உண்டெழுந்து மேசை துடைக்க நாற்பது நிமிடமெனின், மூன்று முறை நிரம்பும். 96 சாப்பாடு என்று எழுதத் தோன்றும். ஆனால் நால்வர் மேசையிலே இருவர் அமர்ந்தால் மற்றைய இருவர் இருக்கை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். ஆதலின் மூன்றில் இரு பங்கே கொள்ளுதல் தகும், அஃது 64. காலையில் இடியப்பமும் தோசையும் உண்ண 40 பேரும், மாலை முதல் இரவு வரை 56 பேரும் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 160 பேர். ஒருவர் சராசரி 700 ரூபா செலவிடின் நாள் வரவு 112,000 ரூபா. ஞாயிறுகளையும் பூரணை முதலிய விடுமுறைகளையும் கழித்து மாதத்துக்கு 24 நாட்கள் கடை திறந்திருக்கும் எனக் கொள்வோம். மாத வரவு 2,688,000 ரூபா. இருபத்தாறரை இலட்சத்துக்கு மேல்! இத்தொகையைக் கண்டவுடன் பேனாவை மூடிவிட்டுக் கடைக்குப் பெயர் தேடப் புறப்பட்டோர் பலர்.

பேனாவைத் திறந்தே வைத்திருப்போம். அரிசி, உழுந்து, மரக்கறி, தேங்காய், எண்ணெய், பால் என உணவுப் பொருள்களுக்கு வரவில் நூற்றுக்கு நாற்பது போகும் எனின், ஒருவர் தந்த 700 ரூபாவில் 420 ரூபாவே மிஞ்சும். மாதத்துக்கு 1,612,800 ரூபா. இதிலிருந்து வாடகை 450,000. பத்து ஊழியர்க்குத் தலைக்கு 65,000 வீதம் 650,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி இடவேண்டிய 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமுமாக 97,500. எரிவாயு, மின்சாரம், தண்ணீருக்கு 220,000. பழுதுபார்த்தல், துப்புரவு, காப்புறுதி, அனுமதிப் பத்திரம், வாழையிலை முதலிய சில்லறைக்கு 120,000. கூட்டினால் 1,537,500. எஞ்சியது 75,300 ரூபா. நாள்தோறும் 160 பேருக்கு உணவிட்டுப் பெற்றது இவ்வளவே.

மேற்கூறிய 1,537,500 ரூபாவை 420 ஆற் பிரித்து, பின் 24 ஆற் பிரிப்பின், நட்டமின்றிக் கடை நடக்க நாளொன்றுக்கு 153 பேர் வருதல் வேண்டும் என்பது புலனாகும். 153 பேர் வரின் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. 160 பேர் வரின் 75,300 ரூபா. இவ்விரண்டுக்கும் இடையே நிற்போர் ஏழே பேர். நன்றாக மழை பெய்யும் ஒரு நண்பகலில் இரண்டு மேசை வெறுமையாகும். அவ்வளவிலே அன்றைய இலாபம் போயிற்று. திட்டத்திலே இந்த ஏழு என்னும் எண்ணைக் காணாதவர் கடையிலே அதனைக் காண்பர்.

பத்து ஊழியருள் உரிமையாளரை யாம் சேர்க்கவில்லை. அவர் விடியுமுன் எழுந்து, பேலியகொடைச் சந்தைக்குச் சென்று மரக்கறி வாங்கி, இரவு பத்து மணிக்குக் கதவடைப்பவர். (புறக்கோட்டை மெனிங் சந்தை 2020 நவம்பரிலே பேலியகொடைக்குப் பெயர்ந்தது, மரக்கறி ஏற்றிவரும் கூலியையும் வழிச் செலவையும் அதற்கேற்பவே எழுதுக.) அவர்க்கு மாதம் 100,000 ரூபா சம்பளம் எழுதினால் கடை நட்டத்திலே நிற்கின்றது. தம் உழைப்புக்குக் கூலியெழுதாத முதலாளி, தாம் இலாபம் பெறுவதாக எண்ணிக்கொண்டு பிறர்க்கு இலவசமாக வேலை செய்பவரே.

இந்நிலையிலே திட்டத்தினைக் கிழித்தெறிதல் வேண்டா. மாற்றி எழுதுதல் வேண்டும். கடைவாயிலிலே ஒரு பலகணி அமைத்து, நண்பகலில் 30 சோற்றுப் பார்சல் 500 ரூபா வீதம் விற்கலாமா? பொருட்செலவு 200, கட்டும் செலவு 40 எனின், பார்சலொன்றில் 260 ரூபா மிஞ்சும். மாதத்துக்கு 187,200 ரூபா. இருக்கையும் வேண்டா, மேசை துடைக்க ஆளும் வேண்டா. 2017 செப்டெம்பர் முதல் பொலித்தீன் மதிய உணவுத் தாளும் ரெஜிபோம் பெட்டியும் தடை செய்யப்பட்டமையால் கட்டும் செலவை ஐந்து பத்து என்று எழுதி ஏமாறலாகாது. ஊபர் ஈட்ஸ், பிக்மீ வழியாக அனுப்புவதெனின் அவர்தம் பங்கையும் கழித்தல் வேண்டும். அப்பங்கு நான்கில் ஒன்றெனக் கொண்டால், 260 ரூபா 135 ரூபாவாகும். அதே பார்சல், அதே சமையல். பாதி இலாபம் தெருவிலே போயிற்று. ஆகவே, நடந்து வந்து வாங்கும் கந்தோர் ஊழியரையே நம்பி அப்பலகணியை அமைப்பதே மேலாகும். அங்ஙனம் அமைப்பின் எஞ்சுவது 262,500 ரூபா. உரிமையாளரின் சம்பளம் போக 162,500. கடை அசையாது நிற்கின்றது. ஒரு பலகணி காகிதத்திலே செய்த வேலை இது.

முதலீட்டையும் இங்ஙனமே காண்க. பத்து மாத வாடகை முற்பணம் 4,500,000. அடுப்பு, அரைவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, பாத்திரங்களுக்கு 5,000,000. மேசை, நிலம், சுவர் வேலைக்கு 3,000,000. பதிவு, அனுமதி, திறப்புச் செலவுகளுக்கு 500,000. ஆக 13,000,000 என்று எழுதிக் கோடு கீறிவிடுகின்றனர். கோட்டுக்குக் கீழே இன்னொரு தொகை வருதல் வேண்டும்: மூன்று மாத நிலைச் செலவு, 4,612,500 ரூபா. ஒருவரும் உண்ண வாராவிடினும் கடை மூன்று மாதம் உயிரோடிருப்பதற்கான பணம் அது. இதனோடு முதலீடு 17,612,500 ஆகும். பலகணியின்றி, உரிமையாளர் சம்பளமும் இன்றி நடக்கும் கடையின் ஆண்டு மிச்சம் இதற்கு நூற்றுக்கு ஐந்தளவே. வங்கியிலே நிலையான வைப்பிலிட்டு வீட்டில் உறங்குபவரும் அதற்குக் குறையாது பெறலாம். பலகணியோடு, சம்பளமும் எடுத்தால், நூற்றுக்குப் பதினொன்று. கடன் வட்டி இதற்குள்ளேயே அடங்குதல் வேண்டும். அடங்காதாயின் சிறிய கடையைத் தேடுக, அன்றேல் காலி வீதியை விட்டு ஒரு குறுக்குத் தெருவைத் தேடுக.

மூன்று மாதச் சேமிப்பை மிகையென்பார்க்குக் காலமறிதல் வேண்டும். கொள்ளுப்பிட்டியின் அண்மைக்கால வரலாறே போதிய விடை தரும். 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களுள் காலி வீதியிலுள்ள சின்னமன் கிராண்ட் ஹோட்டலும் ஒன்று. உயிரிழந்தோரின் துயரத்தின் முன் கடைக் கணக்கு பேசுதல் கூசுகின்றது. எனினும், அதன்பின் அயலிலே வெளியிற் சென்று உண்பார் அருகினர் என்பதும் உண்மையே. 2020 மார்ச்சு 20 இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கொழும்பிலே அது மே மாத இறுதி வரை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. அதுவும் வரிசையில் நின்றால் மட்டுமே. மார்ச்சு இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை சென்றது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மூன்றாண்டு ஐந்து மாதத்தில் இத்தனையும் ஒரே தெருவிலே நிகழ்ந்தன.

எம் மாதிரிக் கடை மாதம் 40 சிலிண்டர் எரிப்பதாயின், 2022 ஏப்பிரலில் ஒரே இரவில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக ஏறிய அந்த 2,185 ரூபா மட்டுமே மாதச் செலவை 87,400 ரூபா உயர்த்தும்; பலகணியில்லாக் கடையின் இலாபம் 75,300 என்பதை நினைக. எரிவாயு வேண்டா, தேங்காயைப் பார்ப்போம். 2025 இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவை அண்டியும் கடந்தும் விற்றது. சொதியும் சம்பலும் சட்னியும் இன்றி எம்மவர் கடை இல்லை. நாளொன்றுக்கு 40 தேங்காய், ஒவ்வொன்றும் 100 ரூபா ஏறினால் மாதத்துக்கு 96,000 ரூபா. ஆகவே, திட்டத்தின் ஒரு தாளிலே "தேங்காய் நூறு ரூபா ஏறின் யாது செய்வோம்?" என்னும் வினாவும் விடையும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். விலையை ஏற்றுவோமா? சட்னியொன்றைக் குறைப்போமா? தேங்காயில்லா மரக்கறிகளை முன்வைப்போமா? அவ்விடையை அமைதியான நாளிலே எழுதி வைத்தவர், அமைதியற்ற நாளிலே தண்ணீர் விட்டுச் சொதியைப் பெருக்கமாட்டார்.

விலை நம் கையில் இல்லாத காலமும் வரும் என்பதற்குப் பெங்களூரிலே ஒரு சான்றுண்டு. 1924 இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், எம்.டி.ஆர். என உலகறிந்த உணவகம். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி அருகியதனால் அவர்கள் ரவையைக் கொண்டு இட்டலி செய்து பார்த்தனர். ரவா இட்டலி பிறந்தது அங்ஙனமே என்பர். 1975 இல் இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தபோது உணவுப் பண்டங்களுக்கு அரசு மிகக் குறைந்த விலையை விதித்தது. நெய்யைக் குறைத்துச் சமாளிக்க அவர்கள் உடன்படவில்லை. அன்றன்றைய நட்டத்தைப் பலகையில் எழுதி வாயிலிலே தொங்கவிட்டனர். பின்னர் உணவகத்தை மூடி, அடுக்களை அறிவைப் பொதி மாவாக்கி விற்கலாயினர். உணவகம் மீண்டும் திறந்தது. பொதி உணவுத் தொழிலோ பெரிதாக வளர்ந்து 2007 இல் நோர்வே நாட்டு ஒர்க்லா நிறுவனத்துக்கு விலைபோயிற்று. உணவகம் ஒன்று தன் மேசைகளால் மட்டும் வாழ்வதில்லை. அதன் அடுக்களைக்கு வேறு யாது செய்ய இயலும் என்பதற்கும் திட்டத்திலே ஒரு பத்தி இருத்தல் நன்று.

காப்புறுதி பற்றியும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 1983 ஜூலையிலே கொழும்பில் எரியுண்ட தமிழர் கடைகளும் உணவகங்களும் எத்துணை என்பதனை எம் மூத்த பழைய மாணவர் நன்கறிவர். அவருட் சிலர் அக்கடைகளின் முதலாளிகளாகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் இருந்தோரே. தீக் காப்புறுதி எடுத்தால் எல்லாத் தீயும் அதில் அடங்கும் என எண்ணற்க. வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பினைத் தனியே கேட்டுச் சேர்த்தல் வேண்டும். அதற்கு ஆகும் மேலதிகக் கட்டணம் சில்லறைச் செலவிலே ஒரு வரி, அதனை விட்டுவிடலாகாது.

வலியறிதல் என்பது சமைப்பவர் யார் என்னும் வினா. சென்னை இராயப்பேட்டையில் 1938 இல் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய உடுப்பிக் கிருஷ்ணராவ் இளமையிலே அடுக்களை வேலைசெய்து உயர்ந்தவர். தோசைக்கல்லின் சூட்டைக் கைபட அறிந்த முதலாளியைத் தோசை போடுபவர் ஏமாற்றுதல் அரிது. எம்மவரோ கணினி கற்றோ கணக்கியல் கற்றோ வந்து, ஒரு சமையற்காரரை நம்பிக் கடை திறப்பர். அவர் மாசத்திற் பத்தாயிரம் கூடத் தரும் கடைக்குப் போய்விட்டால் கடையின் சுவையும் அவரோடு போய்விடும். ஆதலின் கைப்பக்குவங்களை அளவோடு எழுதி வைத்தலும், இருவர்க்குப் பயிற்றுதலும் திட்டத்திலே இடம்பெறல் வேண்டும். ஊழியரின் வேலை நேரத்தையும் சட்டப்படி கணக்கிடுக: 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என்கின்றது. காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை திறக்கும் கடையை ஒரே அணியினரைக் கொண்டு நடத்த இயலாது. பத்துப் பேர் என்பது உண்மையிலே ஐந்தைந்து பேரே.

அனுமதிகள் பற்றி நீட்டவேண்டுவதில்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு, கொழும்பு மாநகர சபையின் அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வை, 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைதல் ஆகிய இவற்றை முற்பணம் கொடுக்குமுன் விசாரிக்க. கழிவுநீர்க் குழாய் இல்லாத கட்டிடத்துக்கு முற்பணம் கொடுத்துவிட்டுப் பின் பரிசோதகரை நோவதிற் பயனில்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். ஆண்டு விற்பனை குறித்த எல்லையைக் கடப்பின் அதற்குப் பதிதல் வேண்டும். அவ்வெல்லை மாற்றத்துக்கு உட்பட்டதாகலின் அந்தந்த ஆண்டுக்குரியதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலே கேட்டறிக.

ஒன்று சொல்லத் தயங்குகின்றோம், ஆயினும் சொல்லுவோம். எம்மவர் கடைகளுக்கு முதல் பெரும்பாலும் வங்கியிலிருந்து வருவதில்லை. கனடாவிலுள்ள தமையனிடமிருந்தும், இலண்டனிலுள்ள மைத்துனரிடமிருந்தும், அம்மாவின் காப்பிலிருந்தும், தங்கையின் சீதனத்துக்கெனச் சேர்த்த பணத்திலிருந்தும் வருகின்றது. வங்கி ஆயிரங் கேள்வி கேட்கும். தங்கை ஒன்றுங் கேளாள். கேளாதவளுக்கே திட்டத்தின் முதற்படி கொடுக்கப்படல் வேண்டும். அவள் பணம் கடனா, பங்கா? பங்கெனின் நட்டத்திலும் பங்குண்டா? எப்பொழுது திருப்பித் தரப்படும்? கடை மூடப்படின் அடுப்பும் பாத்திரமும் விற்ற பணம் முதலில் எவர்க்கு? இவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தல் உறவைக் குறைக்குமென்று அஞ்சுவர். எழுதாது விட்டதனால் தீபாவளிக்கும் முகம் பாராத உடன்பிறப்புகளை யாம் அறிவோம்.

திட்டத்தின் வடிவம் பற்றி: பன்னிரண்டு தாள்களுக்கு மேல் வேண்டா. முதல் தாளிலே கடை எங்கே, எவர்க்கு, என்ன விலை, எத்தனை பேர், எவ்வளவு முதல், நட்டமின்மைக்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் என்னும் ஆறினையும் எழுதுக. தமிழிலே எழுதுக, வங்கிக்கு வேண்டுமாயின் பின்னர் ஆங்கிலப்படுத்திக்கொள்க. தாய்மொழியிற் பொய்யெண் எழுதக் கை சற்றே கூசும். கணக்குத் தாள்களில் மதிப்பிட்ட தொகைக்கு வலப்புறத்தே ஒரு நிரலை வெறுமையாக விடுக. கடை திறந்தபின் மாதந்தோறும் முதற் பூரணை விடுமுறையன்று, கதவடைத்திருக்கும் நேரத்திலே, உண்மைத் தொகையை அந்நிரலில் எழுதி, 153 க்கு மேலோ கீழோ என்று பார்த்து, பணம் தந்த அனைவர்க்கும் ஒரு படி அனுப்புக.